தங்கவயலில் எதைக் காப்பது: ஐந்து வழிகளும் அவற்றின் மறைவான செலவுகளும்

கர்நாடகத்திலுள்ள கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. அன்றிலிருந்து அங்கே பிறந்தவர்களும், அங்கு உழைத்துவிட்டு வட ஆற்காட்டுக்கும் சேலத்துக்கும் சித்தூருக்கும் திரும்பியவர்களின் பிள்ளைகளும் ஒரு கேள்வியை விடாமல் கேட்டுவருகிறார்கள்: அந்த இடத்தை என்ன செய்யச் சொல்லி அரசிடம் மனு கொடுப்பது? அருங்காட்சியகம் கேட்பதா, கழிவு மேடுகளில் மிச்சமிருக்கும் தங்கத்தை எடுக்கச் சொல்வதா, வேலை தரும் தொழிற்பேட்டை கேட்பதா, இருப்பது இருந்தபடியே இருக்கட்டும் என்று விட்டுவிடுவதா? எல்லோரும் ‘பாரம்பரியம்’ என்ற ஒரே சொல்லைத்தான் சொல்கிறார்கள். ஆனால் ஒருவர் மனத்தில் அது ஷாஃப்டின், அதாவது சுரங்கத்துக்குள் இறங்கும் செங்குத்துக் குழியின், மேல் நிற்கும் சக்கரக் கோபுரம். இன்னொருவர் மனத்தில் வெள்ளைக்கார அதிகாரியின் பங்களா. மூன்றாமவர் மனத்தில் தன் தாத்தா குடியிருந்த லைன் வீடு, அதாவது தொழிலாளர் வரிசை வீடு. பேச்சு முடிவுக்கு வராததற்கு இது ஒரு முக்கியக் காரணம். எனவே வழிகளை எடைபோடுவதற்கு முன், எதைக் கொண்டு எடைபோடுவது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

## அளவுகோல்கள்

முதலாவது, மீளாமை. ஒரு முடிவை எடுத்த பிறகு அதை மாற்றிக்கொள்ள முடியுமா, அல்லது அழிந்தது அழிந்ததுதானா என்பதை நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறேன். இரண்டாவது, சாட்சியம்: அந்த வழி எந்த வரலாற்றைக் காக்கிறது, எதை மறைக்கிறது. மூன்றாவது, இன்றும் அங்கே குடியிருப்பவர்களுக்கு என்ன நேரும் என்பது. நான்காவது, திறப்பு விழாவுக்குப் பிந்தைய செலவு. இந்தியாவில் அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் கட்டும்போது சாவதில்லை, பத்தாண்டு கழித்தே சாகின்றன. ஐந்தாவது, உடல்நலமும் பாதுகாப்பும்.

இடத்தின் புகழோ வரக்கூடிய சுற்றுலாப் பயணிகளின் எண்ணிக்கையோ இப்பட்டியலில் இல்லை. அவை மேற்கண்ட ஐந்துக்கும் பின்னால் வரவேண்டியவை.

## காக்கத் தகுந்தவை எவை

தங்கவயலின் மதிப்பு ஒரே அடுக்கில் இல்லை. அடியில் இருப்பது பாறை. வடக்குத் தெற்காக ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளும் கோலார்ப் பாறைப்பட்டை இந்தியாவின் மிகப் பழைய நிலவியல் பகுதிகளுள் ஒன்று. அதைச் சேர்ந்த பெத்தபள்ளி எரிமலைப் பாறைகளை இந்திய நிலவியல் ஆய்வுத்துறை தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவித்துள்ளது. 1802-இல் ஜான் வாரன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி நில அளவைக்கு வந்தபோது ஊரார் மண்ணை அலசித் தங்கத் துகள்களைக் காட்டினர். ஆக, ‘கண்டுபிடித்தவர்’ என்ற பட்டம் யாருக்கு உரியது என்பதிலேயே எந்த அருங்காட்சியகமும் முதல் பலகையில் தடுமாறும்.

அடுத்தது தொழில்நுட்பம். 1880 முதல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் இங்கே சுரங்கங்களை நடத்தியது. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியின் சுரங்க அறிவு அதனோடு வந்தது. 1902-இல் காவிரியின் சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவுக்குக் கம்பியிழுத்துத் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுவரப்பட்டது. பெங்களூர் நகரத் தெருக்களுக்கு மின்விளக்கு வந்தது 1905-இல்தான். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்துக்குச் சென்றது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. அழுத்தம் தாளாமல் பாறை தானாக வெடித்துச் சிதறுவதைப் பழைய மைசூர் நிலவியல் துறை ‘ஏர் பிளாஸ்ட்’ என்று குறித்தது. தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் 1988-இல் தங்கவயலில் தொடங்கப்பட்டதற்குப் பின்னால் இந்த அனுபவமே இருக்கிறது.

மூன்றாவது அறிவியல். 1965-இல் தரைக்கு ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் கீழே, டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், டர்ஹாம் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் இயற்பியலாளர்கள் வளிமண்டல நியூட்ரினோக்களின், அதாவது எதனோடும் எளிதில் மோதாமல் பாறையையும் ஊடுருவும் நுண்துகள்களின், தடத்தைப் பதிவு செய்தனர். உலகில் அத்தகைய முதல் பதிவுகளுள் அது ஒன்று. 1980-களில் புரோட்டான் சிதைவைத் தேடும் ஆய்வும் அங்கேயே நடந்தது.

நான்காவது அடுக்கு உழைப்பு. ஏறத்தாழ 800 டன் தங்கத்தை வெளியே கொண்டுவந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர்கள். அவர்களிலும் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். ஊரில் கிடைக்காத ரொக்கக் கூலியும் பண்ணையாரின் பிடியிலிருந்து விடுதலையும் இங்கே கிடைத்தன. கூடவே நுரையீரலில் படியும் சிலிக்காத் தூசும் கிடைத்தது. 1940-களில் மருத்துவர்கள் பரிசோதித்த தொழிலாளர்களில் பத்தில் நால்வருக்கும் மேற்பட்டோருக்குச் சிலிக்கோசிஸ் இருந்தது. தங்கத் திருட்டைத் தடுப்பதாகச் சொல்லிக் கைரேகை பதிய வைத்ததை எதிர்த்து 1930-இல் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். சாதி எதிர்ப்புச் சிந்தனையாளர் அயோத்திதாசரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்குத் தங்கவயலின் மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. அவர் நடத்திய ‘தமிழன்’ இதழை, அவர் மறைவுக்குப் பிறகு 1920-களில் ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்து மீண்டும் கொண்டுவந்தார். சாம்பியன் ரீஃபில் இயங்கிய சித்தார்த்த புத்தகசாலை பௌத்த நூல்களை அச்சிட்டுத் தமிழகமெங்கும் அனுப்பியது.

என் கணிப்பில் இந்த நான்காம் அடுக்குதான் உலகில் வேறெந்தச் சுரங்கத்திலும் இல்லாதது. ஆழமான சுரங்கங்கள் தென்னாப்பிரிக்காவில் உண்டு. நியூட்ரினோ ஆய்வகங்கள் ஜப்பானிலும் இத்தாலியிலும் உண்டு. ஆனால் சாதியிலிருந்து தப்பி வந்த ஒரு மக்கள்கூட்டம், பூமிக்கு அடியில் உழைத்துக்கொண்டே பூமிக்கு மேல் அச்சகமும் சங்கமும் பள்ளியும் நடத்திய இடம் இது. இந்த அடுக்குக்குத்தான் சக்கரக் கோபுரம் போன்ற கண்ணைக் கவரும் சின்னம் எதுவும் இல்லை.

## முதல் வழி: கழிவு மேடுகளிலிருந்து மீண்டும் தங்கம் எடுப்பது

இது வெறும் யோசனையன்று; நடைமுறையை நோக்கி நகர்ந்துகொண்டிருப்பது. சுரங்கங்களைக் கடைசியாக நடத்திய மத்திய அரசின் பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்துடைய 13 கழிவு மேடுகளில், ஏறத்தாழ 1,000 ஏக்கர் பரப்பில், தங்கம் எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் இசைவு தந்தது. ஊரார் ‘சயனைடு மலை’ என்று சொல்லும் அம்மேடுகளில் 3 கோடி டன்னுக்கும் அதிகமான அரைத்த பாறைப்பொடி கிடக்கிறது. ஒரு டன்னில் தங்கம் ஒரு கிராமுக்கும் குறைவு. தங்கத்தின் விலை உயர்ந்திருப்பதால் மட்டுமே இது கணக்குக்கு ஒத்துவருகிறது. விலை சரிந்தால் பாதி தோண்டிய மேடும் கிளறிவிட்ட தூசும் ஊருக்கு மிஞ்சும். இதுவே இவ்வழியின் முதல் மறைவான செலவு.

பாறைப்பொடியிலிருந்து தங்கத்தைப் பிரிக்கப் பயன்பட்ட நஞ்சான சயனைடு பெயரில் இருப்பதால் மக்கள் அதற்கே அஞ்சுகிறார்கள். உண்மையில் சயனைடின் பெரும்பகுதி வெயிலிலும் காற்றிலும் காலப்போக்கில் சிதைந்துவிடும்; சிதையாமல் இருப்பது மாவுபோன்ற சிலிக்காப் பொடி. காற்றுக் காலத்தில் அது வீட்டுக்குள் சோற்றுத் தட்டுவரை வருகிறது. எனவே மேடுகளை அகற்றுவது பாரம்பரியத்துக்கு எதிரானது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல என்னால் முடியாது. சுரங்கத்துக்குள் போகாத பேரப்பிள்ளையின் நுரையீரலையும் நாம் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் அம்மேடுகள் வெறும் குப்பையும் அல்ல. 120 ஆண்டு உழைப்பின் அளவைக் கண்ணால் பார்க்கக் கூடிய இடம் வேறெதுவும் அங்கில்லை, ஏனெனில் எடுத்த தங்கம் போய்விட்டது, வெட்டிய பள்ளம் நீருக்கடியில் கிடக்கிறது. ஸ்வீடனின் ஃபாலுன் செம்புச் சுரங்கத்தில் கழிவிலிருந்து செய்த செஞ்சாயம் அந்நாட்டு மரவீடுகளின் அடையாள நிறமாயிற்று. கழிவைப் பயன்படுத்துவதும் நினைவைக் காப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு அது சான்று. ஒரு மேட்டையாவது புல்லும் மரமும் வைத்துத் தூசடக்கி நிலைநிறுத்த வேண்டும், அந்தச் செலவு ஒப்பந்தக்காரரிடம் வேலைக்கு முன்பே முன்வைப்புத் தொகையாகப் பெறப்பட வேண்டும் என்ற நிபந்தனைகளோடு வந்தால் இவ்வழி ஏற்கத் தக்கது. நிபந்தனையின்றி வந்தால் ஐந்தில் மிக ஆபத்தானது இதுவே.

## இரண்டாம் வழி: தரைமேல் பாரம்பரிய வளாகம்

சக்கரக் கோபுரங்கள், ஏற்றி இறக்கும் எந்திர அறைகள், ஆலைகள், மருத்துவமனை, மன்றம், பங்களாக்கள், லைன்கள் ஆகியவற்றில் தேர்ந்தெடுத்தவற்றைச் சேர்த்து ஒரு வளாகமாகக் காப்பது இவ்வழி. வேல்ஸ் நாட்டின் பிக் பிட் நிலக்கரிச் சுரங்கம் இதற்குப் பலரும் காட்டும் முன்மாதிரி. 1980-இல் மூடப்பட்ட அது 1983-இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. முன்னாள் தொழிலாளர்களே வழிகாட்டிகளாகப் பார்வையாளரைச் சுமார் 90 மீட்டர் ஆழத்துக்கு அழைத்துச் செல்கிறார்கள். தீப்பொறி அச்சத்தால் கைக்கடிகாரத்தையும் கழற்றி வைத்துவிட்டே இறங்க வேண்டும். இதில் இரண்டு செய்திகள் கவனிக்கத்தக்கவை. மூடிய மூன்றே ஆண்டில் திறந்ததால் வழிகாட்ட ஆட்கள் இருந்தார்கள். பின்னர் அது வேல்ஸ் தேசிய அருங்காட்சியகத்தின் அங்கமானதால் அரசுப் பணமும் தொடர்கிறது. தங்கவயலில் முதலாவது வாய்ப்பு ஏற்கெனவே கால் நூற்றாண்டு தேய்ந்துவிட்டது.

ஜோகன்னஸ்பர்கில் 1987-இல் திறந்த கோல்ட் ரீஃப் சிட்டி வேறு பாதையில் சென்றது. பழைய தங்கச் சுரங்கத்தின் மேல் கேளிக்கைப் பூங்காவும் சூதாட்ட விடுதியும் அமைந்தன. பணப் பிரச்சினை தீர்ந்தது. சுரங்கம் அந்த வளாகத்தின் பல காட்சிகளுள் ஒன்றாகிவிட்டது. தங்கவயலை ‘குட்டி இங்கிலாந்து’ என்று விளம்பரப்படுத்தி, பங்களாக்களைத் தங்கும் விடுதிகளாக்கும் பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு இந்த உதாரணமே நினைவுக்கு வருகிறது. பங்களா அழகானது, படத்துக்கு ஏற்றது, பழுதுபார்ப்பது எளிது. ஆகவே பணம் முதலில் அங்கேதான் போகும். தட்டியும் தகரமுமாகத் தொடங்கிய லைன் வீட்டைக் காப்பதற்கு யாரும் கட்டணம் வசூலிக்க முடியாது.

இனி, பலரும் கவனிக்காத ஒரு சட்டச் சிக்கல். நூறாண்டு கடந்த கட்டடங்களை மத்திய அரசு 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்க முடியும். 2010-இல் செய்த திருத்தத்தின்படி, அவ்வாறு அறிவிக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதிய கட்டுமானம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்டலாம். கோயிலைச் சுற்றிய வெளிக்கு இது பொருந்தலாம். ஷாஃப்டை ஒட்டியே லைன் வரிசைகள் நிற்கும் தங்கவயலில், தலைமுறையாக உரிமைப் பத்திரத்துக்குக் காத்திருக்கும் குடும்பம் ஓர் அறை சேர்த்துக் கட்டவும், கூரை மாற்றவும் அலுவலகப் படியேற நேரும். ‘பாரம்பரியச் சின்னமாக அறிவியுங்கள்’ என்று மனு எழுதுபவர்கள் முதலில் அந்த லைனில் போய்க் கேட்டுவிட்டு எழுத வேண்டும். மாநிலச் சட்டத்தின் வழியாகவோ உள்ளூர்த் திட்ட விதிகளின் வழியாகவோ சிறு எல்லைகளை வகுத்துக் கேட்பது இதைவிடப் பொருத்தமானது.

குடியிருப்போரின் வீட்டுரிமை தீர்க்கப்பட்டு, நடத்தும் பொறுப்பையும் ஆண்டுச் செலவையும் ஏற்கும் அமைப்பு பெயர் சொல்லி முன்வந்திருக்கும் நிலையில் இதுவே சிறந்த வழி. அவை இரண்டும் இல்லாமல் திறக்கப்படும் வளாகம் பூட்டிய கதவோடு முடியும்.

## மூன்றாம் வழி: ஆழத்தை மீண்டும் திறப்பது

கேட்பதற்கு மிகவும் கிளர்ச்சியூட்டுவது இது. 1965-இன் ஆய்வறைக்கு மறுபடி இறங்கலாம், உலகத்தரத்தில் ஓர் ஆய்வகம் அமைக்கலாம் என்பது வாதம். இதற்கு நேரான ஒப்புமை அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் உள்ள ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கம். அதுவும் தங்கவயலைப் போலவே நியூட்ரினோ ஆய்வுக்கு இடம் தந்தது, 2002-இல் மூடப்பட்டது. 2003-இல் நீரிறைக்கும் பம்புகள் நிறுத்தப்பட்டு நீர் ஏறத் தொடங்கியது. பின்னர் உரிமை மாநிலத்துக்குக் கொடையாக வந்து, தனியார் கொடையாளர் ஒருவர் 7 கோடி டாலர் தந்து, 2008-இல் மீண்டும் நீரிறைத்து, இன்று ஏறத்தாழ 1,500 மீட்டர் ஆழத்தில் ஆய்வகம் இயங்குகிறது. ஆக, முடியாதது அன்று.

ஆனால் அங்கே நீர் ஏறியது ஐந்தாண்டுகள்; இங்கே 20 ஆண்டுகளுக்கும் மேல். அங்கே பாறை ஒப்பளவில் அமைதியானது. இங்கே சுரங்கம் இயங்கிய காலத்திலேயே வெடித்துச் சிதறியது. நீரில் ஊறிய தாங்குகட்டைகளையும் துருவேறிய இரும்பையும் நம்பி ஆளை இறக்க, சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககத்தை இசைய வைப்பது எளிதாக இருக்காது. பம்பு ஒரு நாள் நின்றாலும் நீர் திரும்ப ஏறத் தொடங்கும் என்பதால் இதில் செலவுக்கு முடிவே இல்லை. தங்கவயலின் தொடர்ச்சியாகத் தேனி மாவட்டத்தில் இந்திய இயற்பியலாளர்கள் கேட்ட நியூட்ரினோ ஆய்வகமே எதிர்ப்பால் முடங்கிக் கிடக்கும் நிலையில், அறிவியலின் பெயரால் இங்கே பணம் வரும் என்று நம்பி மனு எழுதுவது காலத்தை வீணாக்குவதாகும். 1965-இன் கதையைத் தரைமேலேயே நன்றாகச் சொல்லலாம்.

## நான்காம் வழி: தொழிற்பேட்டை

பாரம்பரியம் பேசுபவர்கள் இதை எதிரியாகவே பார்க்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒவ்வொரு விடியற்காலையும் மாரிக்குப்பத்திலிருந்தும் சாம்பியன் ரீஃபிலிருந்தும் ரயிலேறி நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்பும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு, உள்ளூரில் ஒரு வேலை என்றால் என்ன மதிப்பு என்பது புரியும். சுரங்க நிறுவனத்தின் வசமுள்ள நிலம் பரந்தது. அது முழுவதும் வரலாற்றுச் சின்னம் அல்ல. ஆட்சேபம் இடத்தைப் பற்றியதே: சமமான, சாலையோர, ஏற்கெனவே மின்சாரமுள்ள மனைகளையே தொழிற்சாலைகள் விரும்பும், பழைய ஆலைகளும் பணிமனைகளும் நிற்பவை அவைதான். எல்லைகள் முன்பே குறிக்கப்பட்டால் தொழிற்பேட்டையால் கெடுதல் இல்லை. குறிக்கப்படாவிட்டால் ஒரே ஒரு ஏலத்தில் எல்லாம் பழைய இரும்பாகப் போய்விடும்.

## ஐந்தாம் வழி: முதலில் பதிவு

கூலிப் பதிவேடுகள், விபத்துக் குறிப்புகள், சிலிக்கோசிஸ் நட்டஈட்டு ஆவணங்கள், சுரங்க வரைபடங்கள், சங்க அறிக்கைகள், சித்தார்த்த புத்தகசாலை வெளியீடுகள், திருமணப் புகைப்படங்கள், கீழே இறங்கியவர்களின் வாய்மொழி ஆகியவற்றைத் தொகுத்து ஆவணக்காப்பகமாக்குவது. சுரங்கம் மூடும்போது 40 வயதிலிருந்தவர் இப்போது அறுபதுகளின் நடுவில் இருக்கிறார். டெய்லர் காலத்தை நேரில் கண்டவர்கள் மிகச் சிலரே எஞ்சியிருப்பார்கள். கட்டடம் சிதைய ஐம்பது ஆண்டு எடுக்கும், நினைவுக்கு அவ்வளவு அவகாசம் இல்லை.

செலவு குறைவு என்பது பாதி உண்மை. ஒலிப்பதிவைச் சேகரிப்பது மலிவு. எழுத்தாக்கி, பகுத்து, ஐம்பதாண்டு பேணுவதுதான் செலவு. இன்னொரு சிக்கல் மொழி. பேசுபவர்கள் தமிழர், இடம் கர்நாடகம், நிறுவன ஆவணம் ஆங்கிலம். கன்னடத்திலும் தமிழிலும் ஒருசேரக் கிடைக்காத காப்பகம் இரு மாநிலத்திலும் அநாதையாகும். ஜப்பானின் சாடோ தங்கச் சுரங்கம் 2024-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டபோது, கொரியத் தொழிலாளர்களின் வரலாற்றையும் காட்சிப்படுத்த வேண்டும் என்பதே கடைசிவரை வாதமாக இருந்தது. உழைத்தவர்களின் ஆவணம் கையில் இல்லையென்றால் அத்தகைய வாதத்தைத் தொடங்கவும் முடியாது.

## ஒருசேரப் பார்த்தால்

| வழி | மீட்க முடியாத இழப்பு | தொடர்செலவு | லைன் மக்களுக்கு | ஏற்ற சூழல் |
|---|---|---|---|---|
| கழிவு மேட்டுத் தங்கம் | மிக அதிகம் | ஒப்பந்தக்காரர் விட்டுச்சென்றால் ஊருக்கு | தூசு குறையலாம், பணிக்காலத்தில் கூடலாம் | முன்வைப்புத் தொகையும் ஒரு மேட்டின் பாதுகாப்பும் உறுதியானால் |
| தரைமேல் வளாகம் | குறைவு | ஆண்டுதோறும், அதிகம் | வீட்டுரிமைக்கு இடையூறு நேரலாம் | நடத்தும் அமைப்பு உறுதியானால் |
| ஆழத்தைத் திறப்பது | நடுத்தரம் | முடிவற்றது | நன்மை சிறிது | தனி அறிவியல் நிதி இருந்தால் மட்டும் |
| தொழிற்பேட்டை | எல்லை குறிக்காவிட்டால் அதிகம் | குறைவு | வேலை | வெற்று நிலத்தில் |
| பதிவு | இல்லை | மிதமானது, ஆனால் நீண்டது | இடையூறு இல்லை | எப்போதும், உடனே |

இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதைவிட வரிசைப்படுத்துவதே முக்கியம் என்பது என் முடிவு. பதிவு இந்த ஆண்டே தொடங்க வேண்டும்; அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. கழிவு மேட்டு ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் எந்த மேடு, எந்தக் கோபுரங்கள், எந்த லைன் ஆகியவை தொடப்படாது என்ற எல்லை வரைபடத்தைக் கேட்க வேண்டும். கையெழுத்தான பிறகு கேட்பது வெறும் புலம்பல். தொழிற்பேட்டைக்கு அவ்வரைபடத்துக்கு வெளியே இசைவு தரலாம். வளாகத்துக்கு அவசரம் இல்லை, ஆழத்தைத் திறக்கும் கோரிக்கையை விட்டுவிடலாம்.

ஒரே ஒரு லைனை மட்டும் காக்க முடியும் என்ற நிலை வந்தால், பங்களாவுக்கு அருகிலிருப்பதைத் தேர்ந்தெடுக்காமல், ஆட்கள் இன்னும் குடியிருக்கிற, சங்கமும் இரவுப் பள்ளியும் நடந்த நினைவுள்ள சாம்பியன் ரீஃப் அல்லது மாரிக்குப்பம் லைன் ஒன்றைத் தேர்ந்தெடுக்குமாறு மனுவில் எழுதுங்கள். அந்த லைனின் பெயரையும் வீட்டு எண்களையும் மனுவோடு இணைத்துவிடுங்கள். குடியிருப்போரின் கையெழுத்து அதே தாளில் இருக்கட்டும்.